மெய்யியல் படிக்கப்போகும் என் மருமகளுக்காக

என் அண்ணாவின் மகள் அமெரிக்காவில் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் புலமைப்பரிசிலோடு இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்த மாத முடிவுக்குள் தன் முதன்மைப் பாடத்தைப் பதிய வேண்டும். மெய்யியல், அதாவது தத்துவம், என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து திருகோணமலை உவர்மலையில் அந்த வீடு இழவு வீடு போலக் கிடக்கிறது.

மச்சாள் அழுகிறார். அண்ணா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "நீ அதைப் படித்து என்ன கண்டாய்? இப்போது என் பிள்ளையையும் அதற்குள் இழுத்துவிட்டாயே." நான் இழுக்கவில்லை. அவள் முடிவெடுத்த பிறகுதான் எனக்கே தெரியும். ஆனால் தெரிந்த அன்று இரவு மகிழ்ச்சியில் எனக்கு உறக்கம் வரவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை.

அண்ணாவின் பயம் வெறும் பயமில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் சிறப்புப் பட்டம் முடித்து வந்த நான், வேலை நியமனத்துக்காக இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். அந்த இரண்டு வருடமும் என் பஸ் காசு அவருடைய சட்டைப் பையிலிருந்துதான் வந்தது. 2017இல் கிழக்கு மாகாணத்தில் வேலையற்ற பட்டதாரிகள் தெருவோரம் பந்தல் போட்டு இருந்தபோது, என்னிடம் படித்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இதையெல்லாம் பார்த்த மனிதர் பயப்படாமல் என்ன செய்வார்?

ஆனால் அவர் நம் ஊர்ப் படிப்பின் அளவுகோலால் அந்த ஊர்ப் படிப்பை அளக்கிறார். இங்கே பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை முடித்த கையோடு பிள்ளை கலையா, வணிகமா, கணிதமா என்று தீர்மானித்துவிட வேண்டும். பிறகு பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி மிச்சத்தைத் தீர்மானிக்கும். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் நான்கு வருடப் படிப்பில் முதன்மைப் பாடம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதியில் கணிதமும் உயிரியலும் பொருளியலும் இன்னொரு மொழியும் படிக்கலாம், படிக்கத்தான் வேண்டும். மருமகள் இந்தப் பருவத்தில் புள்ளிவிவரவியல் படிக்கிறாள் என்பது அண்ணாவுக்குத் தெரியாது. அவர் கேட்கவுமில்லை. மெய்யியல் என்ற சொல்லோடு காது அடைத்துக்கொண்டது.

மேற்படிப்புக்கான ஜிஆர்ஈ தேர்வில் மொழித்திறனிலும் பகுப்பாய்வு எழுத்திலும் மெய்யியல் மாணவர்களின் சராசரி மிக உயர்ந்த இடத்தில் இருந்து வருகிறது. இதை அண்ணாவிடம் சொன்னேன். சொன்ன மறுகணமே எனக்கு உறுத்தியது. மெய்யியல் படித்ததால் மதிப்பெண் கூடியதா, நன்றாக வாசிக்கிற பிள்ளைகள்தான் மெய்யியலைத் தேடிப் போகிறார்களா? இப்படி ஒரு வாதத்தை என் உயர்தர வகுப்பில் யாராவது எழுதினால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். ஆகவே அந்தக் கணக்கை இங்கே என் சாட்சியாக வைக்கவில்லை.

நான் வைக்க விரும்பும் சாட்சி வேறு. சில வருடங்களுக்கு முன் அளவையியல் (தர்க்கம்) வகுப்பில் அந்தப் பழைய உதாரணத்தைக் கரும்பலகையில் எழுதினேன்: மலையில் புகை தெரிகிறது, ஆகவே மலையில் நெருப்பு உண்டு. பின் வாங்கில் ஒரு பையன் எழுந்தான். வெந்நீர்க் கிணறுகள் உள்ள கன்னியாப் பக்கம் வீடு. அந்த வருடம் முழுவதும் அவன் வாய் திறந்து நான் கேட்டதில்லை. "டீச்சர், மழை விட்ட மார்கழி விடியலில் வெந்நீர்க் கிணறுகளில் ஆவி எழும்பும். தூரத்திலிருந்து பார்த்தால் புகை மாதிரித்தான் இருக்கும். அங்கே நெருப்பு இல்லையே?" என்றான்.

சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். மறுநாள் மணிமேகலையை எடுத்துப் போனேன். அதன் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு ஏதுவின் போலிகளை, அதாவது சரியான காரணம் போலத் தோன்றும் பிழையான காரணங்களை, சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இதே ஐயம் இருக்கிறது: தெரிவது ஆவியா பனியா என்று ஐயம் தீராமலே, அதைப் புகை என்று கொண்டு நெருப்பு உண்டெனத் துணிவது பிழை. வாசித்துக் காட்டினேன். பையன் தன் கொப்பியில் அதை எழுதிக்கொண்டான். எழுதும்போது அவன் காது மடல் சிவந்திருந்தது. தான் கேட்ட கேள்வியைத் தன் மொழியில் யாரோ எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே கேட்டு வைத்திருக்கிறார்கள் என்று அறிந்த பிள்ளையின் முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

மெய்யியல் வசதி உள்ளவர்களின் பாடம் என்று சொல்பவர்களோடு எனக்கு இந்த இடத்தில்தான் சண்டை. அந்தப் பையனின் தகப்பன் கூலித் தொழிலாளி. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். எங்களைப் போன்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு விடையை மட்டும் கொடுத்தால் போதும், கேள்வி கேட்பது பணக்காரப் பிள்ளைகளின் வேலை என்று யார் தீர்மானித்தது? புகையைக் கண்ட மாத்திரத்தில் நெருப்பு நெருப்பு என்று கூச்சல் போட்டு எத்தனை தடவை இந்த ஊரை எரித்திருக்கிறோம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகம் தோளோடு தோள் உரசி வாழும் இடத்தில், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று சண்டையில்லாமல் கேட்கத் தெரிந்த பத்துப் பேர் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

இது அந்நியப் படிப்பும் இல்லை. நான் படித்த அதே பேராதனைத் துறையில்தான், கேம்பிரிட்ஜில் மெய்யியலாளர் விட்கென்ஸ்டைனின் வகுப்புகளில் அமர்ந்த கே. என். ஜயதிலக்க கற்பித்தார். ஆதி பௌத்தத்தின் அறிவுக் கொள்கை பற்றி அவர் எழுதி 1963இல் வெளிவந்த நூல் இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. நம் சைவ சித்தாந்தமும் காட்சி, கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தகுந்தோர் சொல்) என்று அறிவின் வழிகளை எடைபோட்ட பிறகுதான் பதியாகிய இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. கோணேசர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் ஏறும் அண்ணா இதை வீண் வேலை என்று சொல்வாரா?

முந்தாநாள் மருமகள் பேசினாள். எதையும் ஐயப்பட்டுப் பார்க்கத் தொடங்கிய பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட்டின் ஐயத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாளாம். "மாமி, அந்த ஆவி, பனி வரிகளைப் படம் எடுத்து அனுப்புவீர்களா?" என்று கேட்டாள். அனுப்பினேன்.

அண்ணா இன்னும் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உவர்மலைக்குப் போகிறேன். அவள் இதுவரை படித்த பாடங்களையும் இனிப் படிக்கப்போகும் பாடங்களையும் அவளிடமே கேட்டு, ஒவ்வொன்றின் பெயரையும் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் மச்சாளின் கையில் கொடுக்கப்போகிறேன்.