இரண்டையும் சொல்லிக்கொடுத்தால் என்ன?

படைப்பா, பரிணாமமா என்ற பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒருவர் சமாதானம் செய்ய வருவார். "எதற்கு இந்தச் சண்டை? இரண்டையும் பாடத்தில் வைத்துவிடுங்கள், பிள்ளைகள் படித்துவிட்டு எது சரி என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பாதிப் பேர் தலையாட்டியும் விடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். பரிணாமத்துக்கு ஆதரவாக யாராவது வாய் திறந்தால் உடனே நாத்திகர் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். என் நம்பிக்கையை நான் யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் அறிவியல் பாடத்தில் ஒரு கருத்துக்கு இடம் வேண்டுமென்றால் நிரூபித்தே ஆக வேண்டும். "நான் சொல்வது சரியென்றால் இன்ன இடத்தில் இன்னது இருக்கும், இல்லாவிட்டால் என் கருத்து தவறு" என்று முன்கூட்டியே சொல்லத் துணிய வேண்டும். தோற்றுப்போகவும் தயாராக இருக்க வேண்டும். பரிணாமம் அப்படிப் பலமுறை தன்னைப் பணயம் வைத்திருக்கிறது.

டிக்டாலிக் என்ற புதைபடிவ மீனின் கதையைப் பாருங்கள். சுமார் 38 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில் சதைப்பற்றுள்ள துடுப்புகளோடு மீன்கள் கிடைத்திருந்தன. 36.5 கோடி ஆண்டுப் பாறைகளில் நான்கு கால் பிராணிகள் கிடைத்திருந்தன. அப்படியானால் இரண்டுக்கும் இடைப்பட்ட உடலமைப்புள்ள ஓர் உயிர் 37.5 கோடி ஆண்டு வயதுள்ள பாறையில் கிடைக்க வேண்டும், அதுவும் ஆழமில்லாத ஆறுகள் ஓடிய இடத்தின் படிவில் கிடைக்க வேண்டும் என்று புதைபடிவ ஆய்வாளர்கள் நீல் ஷூபினும் டெட் டேஷ்லரும் கணக்குப் போட்டார்கள். நிலவியல் வரைபடத்தில் அந்த வயதுப் பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று தேடினார்கள். கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக் பகுதியில் இருக்கும் எல்ஸ்மியர் தீவு அகப்பட்டது. கோடையில் சில வாரங்கள் மட்டுமே அங்கே வேலை செய்ய முடியும். 1999-இல் தொடங்கிய தேடல் அது. 2004-இல் ஒரு பாறைச் சரிவில் தட்டையான ஒரு மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைக் குழுவில் ஒருவர் பார்த்தார்.

தோண்டி எடுத்துச் சுத்தம் செய்தபோது வெளிப்பட்டது ஒரு மீன். செதில் இருந்தது, செவுள் இருந்தது, துடுப்பும் இருந்தது. ஆனால் தலை முதலையின் தலை மாதிரி தட்டை, கண்கள் மேலே. மீனுக்குத் தலையும் தோளும் எலும்பால் பிணைந்திருக்கும். இதற்கு அந்த எலும்புகள் இல்லை, கழுத்தைத் திருப்ப முடியும். துடுப்புக்குள்ளே பார்த்தால் மேற்கை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு போன்ற அமைப்பு. இன்ன வயது, இன்ன வகைப் பாறை, இன்ன மாதிரி உயிர் என்று முன்பே சொல்லிவிட்டுப் போய் எடுத்துவந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. வெறும் நம்பிக்கை என்று இதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

இதற்கு எதிராக ஒரு செய்தியும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 2010-இல் போலந்தின் ஒரு கல்குவாரியில் நான்கு கால் பிராணியின் தடங்கள் என்று சில பதிவுகள் வெளியாயின. வயது சுமார் 39 கோடி ஆண்டு, அதாவது டிக்டாலிக்கைவிடப் பழையது. "பார்த்தீர்களா, எல்லாம் பொய்" என்று அப்போது குதித்தவர்கள் உண்டு. பொய் ஆகவில்லை. டிக்டாலிக் நமக்கு நேர்ப் பாட்டனாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதும், அந்த வகை உயிர்கள் நான்கு கால் பிராணிகள் வந்த பிறகும் நெடுங்காலம் கூடவே வாழ்ந்திருக்கலாம் என்பதும்தான் அதன் பொருள். அவை உண்மையிலேயே காலடித் தடங்கள்தானா என்று விவாதமும் நடந்தது. அந்தத் தடங்களைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவர்களும் பரிணாமத்தை ஆராயும் அறிவியலாளர்களே. தங்கள் கணக்கைக் குழப்பும் செய்தியைத் தாங்களே வெளியிடுகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை வருகிறது.

பாறையை விடுங்கள், நம் உடம்புக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம்கள். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 24 ஜோடி. எல்லோருக்கும் ஒரே மூதாதை என்றால் நமக்கு ஒரு ஜோடி எங்கே போனது? ஒரு ஜோடி முழுக்கத் தொலைந்திருந்தால் உயிரே பிழைத்திருக்காது. அப்படியானால் இரண்டு ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் அடையாளம் இருக்க வேண்டும். வழக்கமாகக் குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியர் என்ற டி.என்.ஏ. எழுத்துவரிசை, ஒட்டிய இடத்தில், நடுவில் கிடக்க வேண்டும். 1991-இல் நம் 2-ஆம் குரோமோசோமில் அந்த வரிசையைக் கண்டுபிடித்தார்கள், நுனியோடு நுனி முட்டிய நிலையில். ஒரு குரோமோசோமுக்குச் சென்ட்ரோமியர் என்ற இடுக்குப் பகுதி ஒன்றுதான் இருக்கும்; செயலிழந்துபோன இரண்டாவது சென்ட்ரோமியரின் எச்சமும் அதே குரோமோசோமில் இருக்கிறது. நம் ஒவ்வொருவரின் உயிரணுவிலும் இது இருக்கிறது, இதை எழுதுகிற என்னிடமும் படிக்கிற உங்களிடமும்.

"குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது?" என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. இன்றைய குரங்கு எதிலிருந்தும் நாம் வரவில்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அங்கிருந்து இரு கிளைகளாகப் பிரிந்தோம், அவ்வளவுதான்.

சரி, மறுதரப்பு என்ன பணயம் வைத்தது? அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் என்ற ஊரில் 2004-இல் பள்ளி நிர்வாகக் குழு ஒரு முடிவு எடுத்தது. டார்வினின் கருத்தில் ஓட்டைகள் உள்ளன, உயிர்களை ஓர் அறிவு திட்டமிட்டு உருவாக்கியது என்னும் "அறிவார்ந்த வடிவமைப்பு" என்று வேறொரு விளக்கமும் இருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு ஓர் அறிக்கை வாசிக்க வேண்டும் என்றார்கள். அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள்.

2005-இல் நடந்த அந்த வழக்கில்தான் மறுதரப்பின் உள்விவரம் வெளியே வந்தது. மாணவர்களுக்குப் பரிந்துரைத்த புத்தகத்தின் பழைய கையெழுத்துப் பிரதிகளை நீதிமன்றத்தில் காட்டினார்கள். 1987-க்கு முந்தைய பிரதியில் "படைப்பு" என்று இருந்த இடங்களில் எல்லாம் பிந்தைய பிரதியில் "அறிவார்ந்த வடிவமைப்பு" என்று மாற்றியிருந்தார்கள். விளக்கம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ஓரிடத்தில் பழைய சொல் முழுதாக அழியாமல் புதிய சொல் அதன் நடுவில் செருகிக் கிடந்தது. 1987-இல் என்ன நடந்தது? பள்ளியில் பரிணாமத்தைக் கற்பித்தால் படைப்புவாதத்தையும் அறிவியலாகக் கற்பிக்கக் கட்டாயப்படுத்தும் லூசியானா மாநிலச் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த இடைவெளியில் புதிய ஆய்வு எதுவும் வந்து கருத்து மாறவில்லை. தீர்ப்பு வந்தது, பெயர் மாறியது.

அந்தத் தரப்பின் முக்கிய சாட்சி, உயிர்வேதியியல் பேராசிரியர் மைக்கேல் பீஹி. நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படிப் பரிணமித்தது என்பதற்கு அறிவியலிடம் பதில் இல்லை என்று எழுதியவர். பெற்றோர் தரப்பு வழக்கறிஞர்கள் அவர் முன்னால் அதைப் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளையும் சில நூல்களையும் குவித்தார்கள். இவை போதாது என்றார். அறிவியல் கோட்பாடு என்பதற்கு அவர் தரும் வரையறையின்படி சோதிடமும் அறிவியல் கோட்பாடாகிவிடுமா என்று வழக்கறிஞர் கேட்டபோது, ஆம் என்று ஒப்புக்கொண்டார். "இரண்டையும் சொல்லிக்கொடுங்கள்" என்பவர்கள் இந்த ஒரு பதிலைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கதவைத் திறந்தால் அதன் வழியே எதையெல்லாம் உள்ளே விட வேண்டியிருக்கும்?

பரிணாமத்தை ஏற்க நாத்திகராக இருக்க வேண்டியதில்லை. அந்த வழக்கில் பரிணாமத்துக்காக முதலில் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல என்று 139 பக்கத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஜான் ஜோன்ஸ், பழமைவாதக் குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். பரிணாமம் இல்லாமல் உயிரியலில் எதற்கும் பொருளில்லை என்று 1973-இல் எழுதிய மரபியலாளர் தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். மரபியல் விதிகளைக் கண்ட மெண்டல் துறவி. பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-இல் போப் இரண்டாம் ஜான் பாலே சொன்னார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே புனித அகஸ்டின், இயற்கையைப் பற்றித் தெரியாத விஷயங்களை வேதத்தின் பெயரால் பேசி நம்பாதவர்கள் முன்னால் மதத்தைச் சிரிப்புக்கிடமாக்காதீர்கள் என்று எச்சரித்திருக்கிறார்.

இதே மூச்சில் எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "பரிணாமம் உண்மை, ஆகவே கடவுள் இல்லை" என்று பேசுகிறவர்களும் அறிவியலுக்கு நல்லது செய்யவில்லை. டிக்டாலிக்கின் மணிக்கட்டு கடவுளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதிலிருந்து நாத்திகத்துக்குத் தாவுகிறவர் தன் சொந்த முடிவைச் சொல்கிறார். சொல்லட்டும், ஆனால் ஆய்வகத்தின் பெயரால் சொல்லக் கூடாது.

எனக்கு உண்மையில் கவலை தருவது பிள்ளைகள்தான். "ஒன்று வேதம், இல்லாவிட்டால் டார்வின், நடுவில் எதுவும் கிடையாது" என்று வீட்டில் கேட்டு வளர்ந்த ஒரு பெண் கல்லூரியில் அந்த 2-ஆம் குரோமோசோமைப் பார்க்கும் நாளை நினைத்துப் பாருங்கள். கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல வேண்டும், அல்லது பிரார்த்தனையை விட்டுவிட வேண்டும். அப்படி ஒரு நெருக்கடியை அவளுக்கு அறிவியல் உண்டாக்கவில்லை. அவள்மேல் அன்பு வைத்த பெரியவர்களே உண்டாக்கினார்கள்.

படைப்புக் கதைகளைப் பள்ளியிலிருந்து துரத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இலக்கிய வகுப்பில், வரலாற்று வகுப்பில், தத்துவ வகுப்பில் தாராளமாகப் படிக்கலாம், ஒரு மதத்தின் கதையை மட்டும் இல்லாமல் எல்லா மக்களின் கதைகளையும். உயிரியல் வகுப்பில் ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "அப்படியென்றால் கடவுள் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டால் அதட்டி உட்கார வைக்கவும் கூடாது. "நல்ல கேள்வி. இந்தப் பாடத்தால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. வீட்டில் கேள், பெரியவர்களிடம் கேள், நீயும் யோசி" என்று ஆசிரியர் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடரலாம்.