நுரை பொங்கினால் குழாய் சுத்தமாகிவிடாது
"வாரம் ஒருமுறை சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் சிங்க் அடைக்கவே அடைக்காது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லைங்க. பொங்கி வருவது வெறும் கரியமில வாயு. காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டபின் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர்தான். எண்ணெய்ப் பிசுக்கு அதில் கரையாது.

அழுக்கு தங்குவது சிங்க்குக்கு அடியில் வளைந்திருக்கும் குழாயில். கீழே ஒரு வாளி வைத்து, அதைக் கழற்றி, பழைய பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது வாஷர் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். வளைவில் நிற்கும் அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது. பிளீச்சோடு மட்டும் வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.