வோல்வோ பேருந்தும் வோல்வோ காரும்

வோல்வோ பேருந்துகளைத் தயாரிக்கும் நிறுவனத்தைச் சீனக் கார் நிறுவனமான ஜீலி வாங்கிவிட்டது என்று சிலர் குறிப்பிடுகின்றனர். ஜீலி 2010இல் ஃபோர்டிடமிருந்து வாங்கியது வோல்வோ கார் நிறுவனத்தை மட்டுமே. பேருந்தும் லாரியும் தயாரிக்கும் ஏபி வோல்வோ தன் கார் பிரிவை 1999இலேயே ஃபோர்டுக்கு விற்றுவிட்டதால், அன்று முதல் இரண்டும் ஒரே பெயரைப் பயன்படுத்தும் தனித்தனி நிறுவனங்களாகவே இயங்கிவருகின்றன. ஏபி வோல்வோவிலும் ஜீலி பிற்பாடு பங்கு வாங்கியது உண்மைதான் (குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்), ஆனால் அது சிறுபான்மைப் பங்கு. இரு நிறுவனங்களும் ஸ்டாக்ஹோம் பங்குச் சந்தையில் தனித்தனியே பட்டியலிடப்பட்டவை என்பதால், அவற்றின் ஆண்டறிக்கைகளை அந்தந்த இணையதளத்திலிருந்து தரவிறக்கி, பெரும் பங்குதாரர்கள் யார் என்பதை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.