பெரியவங்களை ஸ்பீக்கர் முன்னால உட்கார வைக்காதீங்க!

நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எந்தக் கல்யாண விருந்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். முன்வரிசை மேசைகள் தாத்தா பாட்டிகளுக்கு. மரியாதை என்று நினைத்துத்தான் அங்கே உட்கார வைக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மேசைக்கு நாலு எட்டு தள்ளி என்ன இருக்கிறது? ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகள்! முதல் பாட்டு விழுந்ததுமே பிளாஸ்டிக் கப்பில் இருக்கும் சிராப் தண்ணி நடுங்குகிறது. எழுபது, எண்பது வயசு ஆட்கள் மூன்று மணி நேரம் அதற்கு நேர் எதிரே. எழுந்து போனால் வீட்டுக்காரர் மனசு நோகுமே என்று அசையாமல் இருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

மறுநாள் அதே பெரியவரைத்தான் "தாத்தா டமாரச் செவிடு" என்று பேரப்பிள்ளைகள் கேலி பண்ணுகிறார்கள். பெற்றவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

ஒரு விருந்தில் ஹேண்ட்போனில் சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்து முன்வரிசையில் பிடித்துப் பார்த்தேன். நூறு டெசிபலைத் தாண்டி நின்றது. ஹேண்ட்போன் கணக்கு துல்லியமாக இருக்காது, ஐந்தாறு முன்பின் இருக்கட்டும். நம் நாட்டில் 2019-ல் வந்த தொழிலிட இரைச்சல் விதிமுறைப்படி, ஒரு தொழிலாளியின் காதுக்கு நாள் ஒன்றுக்கு 8 மணி நேரம், 85 டெசிபல்தான் வரம்பு. அதற்கு மேல் 3 டெசிபல் ஏற ஏற, தாங்கும் நேரம் பாதி பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2. 100-க்கு வந்தால் வெறும் கால் மணி நேரம்! சாப்பாடு பரிமாறுவதற்குள்ளேயே அது முடிந்துவிடுகிறது. ஆலை முதலாளி இந்த வரம்பை மீறினால் கேட்கச் சட்டம் இருக்கிறது. மண்டபத்தில் நம் வீட்டுக் கிழவிக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்?

அந்த முன்வரிசையில் இருப்பவர்கள் யார் என்றாவது யோசித்தோமா? ரப்பர் தொழிற்சாலை மெஷின் பக்கத்தில் நின்றவர்கள். புல்வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தோட்டம் சுற்றியவர்கள். என் அப்பா செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு போவார். பஞ்சு அந்த இரைச்சலுக்கு ஒரு தடுப்பே இல்லை. தொழிற்சாலை இரைச்சலுக்கு 1989-ல் விதிமுறை வந்தபோது அவர் காது பாதி போயிருந்தது. இப்படி உழைத்துத் தேய்ந்த காதுக்குத்தான் நாம் இன்றைக்கு ஸ்பீக்கர் வைக்கிறோம்.

"அவருக்குத்தான் காது கேக்காதே, சத்தம் அவரை என்ன பண்ணும்?" இதைச் சொல்பவர்கள்மேல்தான் எனக்கு ரொம்பக் கோபம். தயவுசெய்து விளங்கிக்கொள்ளுங்கள். உள்காதில் ஒலியை வாங்கும் நுண்மயிர் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. செத்தால் செத்ததுதான், மறுபடி முளைக்காது. இரைச்சல் முதலில் கொல்வது, கீச்சென்ற ஒலிகளை வாங்கும் செல்களை. அதனால் குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது. அம்மா "பால் முடிஞ்சிருச்சு" என்றால் அப்பா "கால்ல என்ன?" என்று பதறிப்போய்க் கேட்பார். 'ஆல்' அவருக்குக் கேட்டுவிட்டது, முன்னால் இருந்த எழுத்துதான் போய்விட்டது. "பேசுறது கேக்குதும்மா, என்ன பேசுறேன்னுதான் விளங்கல" என்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்படிப் பழுதான காதுக்கு மெல்லிய சத்தம் எட்டாது, பெரிய சத்தமோ நமக்குக் கேட்பதைப் போலவே, சில சமயம் அதைவிடக் கடுமையாக அறையும். நடுவில் வசதியாகக் கேட்கும் இடம் சுருங்கிவிடுகிறது. "மெதுவா பேசினா கேக்கல, சத்தமா பேசினா ஏன் கத்துறேன்னு கோபம் வருது" என்று அலுத்துக்கொள்கிறோமே, அது அவர் வீம்பு இல்லை, காதின் வேதனை. முகத்துக்கு நேரே வந்து, நிதானமாகப் பேசினால் போதும். அதே மனிதரை ஸ்பீக்கர் எதிரே உட்கார வைத்தால் என்ன பாடுபடுவார்? மிச்சம் இருக்கும் செல்களும் அங்கேதான் போகின்றன.

கேட்காத மனிதர் நாளடைவில் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். விருந்துக்குக் கூப்பிட்டால் "நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். டிமென்ஷியா எனும் மறதி நோய்க்கு, நம்மால் மாற்றக்கூடிய 12 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020-ல் வரிசைப்படுத்தியது. நடுவயசிலிருந்தே கவனிக்காமல் விட்ட காது மந்தமும் அதில் ஒன்று. நம் ஆட்களுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) வேறு அதிகம். அது இருப்பவர்களுக்குக் காது கெடும் வாய்ப்பும் கூடுதல். கண்ணுக்கும் காலுக்கும் செக்அப் போகிறோம், காதுக்குப் போகிறோமா?

சவுண்டைக் குறைக்கச் சொன்னால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். "அங்கள், குறைச்சா பேஸ் வராது." "அண்ணே, ஒரு நாள் கூத்துதானே." ஒரு நாளா? முகூர்த்த மாசத்தில் வாராவாரம் ஒரு பத்திரிகை வருகிறது. இங்கே எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், எதைத் தவிர்க்க முடியும்? நடுவில் கோயில் திருவிழா, பிறந்தநாள். உறுமி மேளத்தை நான் குறை சொல்லவே இல்லை, அது நம் உயிர். ஆனால் மணிக்கணக்கில் அடிக்கும் அந்தப் பையன்கள் காதில் ஓர் அடைப்பான்கூட இல்லாமல் நிற்கிறார்களே, வீடு திரும்பும்போது அவர்கள் காதில் "கொய்ங்" என்று இரைகிறதே, அது காது அடிபட்டதற்கான அடையாளம் என்று யாராவது சொல்லிக் கொடுத்தோமா?

ஃபார்மசியில் ஃபோம் அடைப்பான் ஜோடி ஒன்று சில வெள்ளிதான். விரலால் மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். சும்மா வாசலில் செருகி வைத்தால் பிரயோசனம் இல்லை. ஐம்பது தாண்டியவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி, காது பரிசோதனைக்குக் கடிதம் கேளுங்கள். சிலருக்கு வெறும் அழுக்கு அடைப்பாகத்தான் இருக்கும், அதைக் கிளினிக்கிலேயே எடுத்துவிடுவார்கள், கோழி இறகை விட்டுக் குடையாதீர்கள். திடீரென்று ஒரு காது மட்டும் அடைத்துக் கேட்காமல் போனால் சளி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே போங்கள், அதற்கு மருந்து நாள் கணக்கில் தாமதிக்காமல் தொடங்க வேண்டும். ஆலையில் வேலை செய்கிற பிள்ளைகளே, உங்கள் காது பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வேலை இரைச்சலால் காது போனால், தொழிலாளர் காப்புறுதி அமைப்பான சொக்சோவில் இழப்பீடு கோர வழி இருக்கிறது.

மண்டபத்தில் செய்ய வேண்டியதற்குக் காசே செலவில்லை. பெட்டியைச் சற்று உயர்த்தி வைக்கட்டும், முன் மேசைகளை விட்டுத் திருப்பி வைக்கட்டும், பெரியவர்களுக்கென்று மண்டபத்தின் பின்பக்கம், வாசல் ஓரமாக, காற்றோட்டமாக நாலு மேசை போடட்டும். சாப்பிடும் நேரம் பாட்டைத் தணித்தால் சொந்தபந்தம் நாலு வார்த்தை பேசிக்கொள்ளும்.

எங்கள் வீட்டிலும் கல்யாணம் வருகிறது. சவுண்டுக்காரத் தம்பியிடம் முன்பணம் கொடுக்கும்போதே இவ்வளவையும் ரசீதின் பின்பக்கம் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னேன். "யாரும் இப்படிக் கேட்டதில்லையே அங்கள்" என்று தயங்கினார். கையெழுத்து இல்லாமல் காசு இல்லை என்றேன். போட்டுவிட்டார்.