அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

ஒருநாள் இரவு மகள் தூங்கிய பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வண்ணத்தாளில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று வெட்டினேன். அட்டையில் அதே வடிவங்களை வரைந்தேன். எந்தத் தாள் எந்தக் கோட்டுக்குள் அடங்கும் என்று பார்த்துப் பொருத்த வேண்டும், அதுதான் விளையாட்டு. மறுநாள் காலையில் அவள் முன்னால் பரப்பி வைத்தேன். மூன்று நிமிடத்தில் எழுந்துவிட்டாள். தாள் வந்த அட்டைப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பெட்டி முதலில் பஸ் ஆனது, பிறகு வீடு, அப்புறம் கரடி பொம்மைக்குத் தொட்டில். முக்கால் மணி நேரம் என்னைத் தேடவே இல்லை. அப்போது அவளுக்கு இரண்டரை வயது.

பட்ட பாடு வீணாகிவிட்டதே என்று அன்று வருந்தினேன். பிறகுதான் புரிந்தது, என் விளையாட்டில் அவளுக்கென்று நான் எதையுமே மிச்சம் வைக்கவில்லை. எது எங்கே பொருந்தும் என்பதை முதல் நாள் இரவே நான் முடிவு செய்துவிட்டேன். பெட்டியில் அப்படி யாரும் எதையும் முடிவு செய்து வைக்கவில்லை.

அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரத்து ஸ்ட்ராங் அருங்காட்சியகம் காலத்தை வென்ற பொம்மைகளுக்கென்று ஒரு கௌரவப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் 2005-ல் அட்டைப்பெட்டியைச் சேர்த்தார்கள். 2008-ல் குச்சி, 2011-ல் போர்வை. படித்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. இந்த மூன்றும் இல்லாத வீடு உண்டா?

வீட்டில் பொம்மை குவிந்து கிடந்தும் பிள்ளை எதிலும் நிலைக்கவில்லை என்று சொல்லும் பெற்றோருக்கு ஒரு விஷயம். டொலீடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் 36 பேரை ஒரு தடவை 4 பொம்மைகளோடும், இன்னொரு தடவை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். நான்கே இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்கள், விதவிதமாகவும் விளையாடினார்கள். 2018-ல் வெளிவந்த ஆய்வு. அதைப் படித்த அன்றே முக்கால்வாசி பொம்மைகளை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாலைந்தை இறக்கி, கீழே இருப்பதை மேலே ஏற்றுகிறேன். பழைய பொம்மையை அவள் புதிதாக வாங்கியதைப் போலத்தான் பார்க்கிறாள்.

என்னைக் கேட்டால் தண்ணீருக்கு ஈடான விளையாட்டே கிடையாது. அகலமான ஒரு தட்டு, அதில் கொஞ்சம் தண்ணீர், இரண்டு டம்ளர், ஒரு புனல், ஒரு ஸ்பாஞ்சு போதும். ஊற்றுவாள், மாற்றுவாள், பிழிவாள், மறுபடி ஊற்றுவாள். இரண்டு குட்டை டம்ளரில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றில் இருப்பதை மட்டும் பிள்ளையின் கண் முன்னாலேயே ஒல்லியான உயர டம்ளருக்கு மாற்றிவிட்டு எதில் அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். நாலைந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் உயர டம்ளரைத்தான் காட்டுவார்கள். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆறேழு வயதில்தான் இரண்டும் ஒரே அளவு என்பது பிடிபடும். தயவுசெய்து உடனே திருத்தாதீர்கள். நூறு தடவை ஊற்றி ஊற்றி அவர்களே வந்து சேரட்டும்.

ஆனால் தண்ணீர் பக்கத்தில் இருக்கும்வரை நீங்கள் எழுந்து போகவே கூடாது. ஐந்து சென்டிமீட்டர் ஆழம்கூடச் சின்னக் குழந்தைக்கு உயிராபத்து. போன் அடித்தாலும் பரவாயில்லை, விளையாட்டு முடிந்ததும் தட்டைக் கவிழ்த்துவிட்டுத்தான் எழ வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை: டிஷ்யூ ரோலின் நடுக்குழாய்க்குள் நுழைகிற எதையும் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பட்டன் பேட்டரி கண்ணில்கூடப் படக்கூடாது.

மற்றபடி இரண்டு நாற்காலிமேல் போர்வையைப் போட்டால் குகை. விளக்கை அணைத்து டார்ச் அடித்தால் சுவர் முழுக்க நிழல். துவைத்த சாக்ஸ்களைக் கொட்டி ஜோடி சேர்க்கச் சொன்னால் அது பெரிய மனுஷி வேலை, அவ்வளவு பெருமையாகச் செய்வாள்.

செல்போனைப் பற்றிக் கேட்பீர்கள். இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. காய்ச்சலில் நீங்கள் படுத்திருக்கும் ஒரு நாளில் அது கொஞ்சம் கூடிப்போனால் குற்றவுணர்ச்சி வேண்டாம். எனக்குக் கவலை வேறு. பிள்ளை "போரடிக்குது" என்று சொன்ன அந்த நொடியே நாம் ஓடிப்போய் எதையாவது நீட்டிவிடுகிறோம். பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். சிணுங்கல் வரும், காலைக் கட்டிக்கொள்ளும், தரையில் உருளும். அப்புறம் எங்கிருந்தோ ஒரு மூடியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடும்.

அந்த நேரத்தில் பக்கத்தில் போய் "இது என்ன கலர்?" என்று ஆரம்பிக்காதீர்கள். இந்தப் பழக்கத்தைக் கைவிட எனக்கே ரொம்ப நாள் பிடித்தது. இப்போது கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். கூப்பிட்டால் போகிறேன். பஸ்ஸில் ஏறச் சொன்னால் ஏறுகிறேன், எந்த ஊருக்கு என்று அவள்தான் சொல்வாள்.