ஆட்டக்காரர்கள் மேல் பழி போடாதீர்கள்
அமெரிக்கக் கால்பந்து அணியான டெட்ராய்ட் லயன்ஸ் இத்தனை வருஷம் தோற்றதற்கு நல்ல ஆட்டக்காரர்கள் அமையாததே காரணம் என்கிறது கட்டுரை. அப்படியா? லயன்ஸின் பாரி சாண்டர்ஸ் பத்தே சீசனில் பந்தோடு 15,269 கெஜம் ஓடியவர். அதிக கெஜம் ஓடிய வால்டர் பேட்டனின் சாதனை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதே, 1999இல், போதுமடா சாமி என்று விலகினார். எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் கால்வின் ஜான்சனும் 30 வயதிலேயே ஓய்வு. குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஸ்டாஃபோர்ட் 12 சீசன் உழைத்தும் பிளேஆஃப் எனும் நாக்-அவுட் சுற்றில் ஒரு வெற்றி இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குப் போன முதல் சீசனிலேயே சூப்பர் பவுல் சாம்பியன்!

ஆள் இருந்தார்கள், நிர்வாகம்தான் இல்லை. 2001இல் வந்த தலைமை நிர்வாகி மாட் மில்லனை 2008 செப்டம்பர் வரை வைத்திருந்தார்களே (என்ன பொறுமையோ!), அந்த சீசனில்தான் 16 ஆட்டத்திலும் தோல்வி. இதற்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 2024 ஜனவரியில் அதே ஸ்டாஃபோர்டின் ராம்ஸை 24-23 என்று வீழ்த்திய லயன்ஸின் குவாட்டர்பேக் யார்? ராம்ஸ் வேண்டாமென்று அனுப்பிய ஜாரெட் காஃப்.