குறுகிய கால ஒப்பந்த வேலைக்குக் கம்பெனி எதற்கு?

ஆறு மாத ஒப்பந்த வேலை ஒன்று கிடைத்ததும், "முதல்ல ஒரு கம்பெனி பதிவு பண்ணிடு" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தனியாளாக வேலை செய்கிறீர்கள், வாடிக்கையாளரும் ஒருவர்தான் என்றால், சொந்தப் பெயரிலேயே பில் போடுவதுதான் பெரும்பாலானவர்களுக்குச் சரி.

கம்பெனிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் காரணம் பாதுகாப்பு. நஷ்டம் கம்பெனியோடு நின்றுவிடும், சொந்தச் சொத்தைத் தொடாது என்கிறார்கள். 1897இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, சாலமன் என்ற வணிகரின் வழக்கில் உறுதிசெய்தது இதைத்தான். அவரது கம்பெனியின் 20,007 பங்குகளில் 20,001 அவரிடமே இருந்தன. ஆனாலும் கம்பெனி வேறு, அவர் வேறு என்றது தீர்ப்பு. சரி, ஆனால் அவர் பூட்ஸ் தயாரித்து விற்றவர். சரக்கும் கடனுமாக நடந்த தொழில் அது. வடிவமைப்போ மென்பொருளோ ஆலோசனையோ தரும் ஒருவருக்குச் சரக்கு ஏது, பெரிய கடன் ஏது? நமக்கு இருக்கும் ஆபத்து நாமே செய்யும் பிழைதான். ஒருவர் தன் கையால் செய்த கவனக்குறைவுக்கு, கம்பெனியைத் தாண்டி அவர் மேலேயே வழக்குப் போட பல நாடுகளில் இடம் இருக்கிறது. கம்பெனி பெயரில் கடன் கேட்டாலும், புதுக் கம்பெனி என்றால் வங்கி பெரும்பாலும் உங்கள் சொந்த உத்தரவாதத்தைத்தான் கேட்கும்.

உண்மையான பாதுகாப்பு ஒப்பந்தத் தாளில் இருக்கிறது. எது நடந்தாலும் உங்கள் மொத்தப் பொறுப்பு இந்த வேலைக்கான கட்டணத்தைத் தாண்டாது என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துக்கு முன்னால் கேட்டால் பல வாடிக்கையாளர்கள் ஒத்துக்கொள்வார்கள், பின்னால் கேட்டு எந்தப் பயனும் இல்லை. அதோடு தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு ஒன்று எடுத்துவிடுங்கள். பதிவுக்குச் செலவழிக்கும் பணம் இந்த இரண்டுக்கும் போகட்டும்.

அடுத்தது வரி. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு முதல் ஐஆர்35 விதி இருக்கிறது. நடுவில் கம்பெனி இல்லாவிட்டால் நீங்கள் அந்த வாடிக்கையாளரின் ஊழியராகத்தான் இருந்திருப்பீர்கள் என்றால், வருமானத்துக்குச் சம்பளம் போலவே வரி. அமெரிக்காவில் ஒருவர் மட்டும் வைத்திருக்கும் எல்எல்சியை (பொறுப்புக்கு வரம்பு உள்ள கம்பெனி), வேறு முறையைக் கேட்டு வாங்காதவரை, வருமான வரிக்காகத் தனி அமைப்பாகவே பார்ப்பதில்லை. லாபம் முழுக்க உரிமையாளரின் கணக்கில்தான் வரும். வரி மிச்சமாகும் என்று நம்பிக் கம்பெனி தொடங்கும் முன் ஒரு கணக்காளரிடம் உங்கள் எண்களைக் காட்டிப் பேசுங்கள்.

அப்புறம், மூடுவது. வேலை முடிந்து பணம் வந்த பிறகும் கம்பெனி உயிரோடுதான் இருக்கும். ஆண்டறிக்கை, கணக்குத் தாக்கல், தாமதமானால் அபராதம். ஆறு மாத வேலைக்கு இந்தச் சுமையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஓர் இடத்தில் மட்டும் என் கருத்து தலைகீழ். இரண்டு பேர் சேர்ந்து வேலை எடுத்து லாபத்தைப் பிரித்துக்கொள்கிறீர்கள் என்றால், எழுத்தில் எதுவுமே இல்லாமலும் அதைக் கூட்டாண்மையாகச் சட்டம் பார்க்கலாம். அப்போது தொழிலுக்காக நண்பர் வைக்கும் கடனுக்கு நீங்களும் முழுப் பொறுப்பு. அங்கே சும்மா இருக்காதீர்கள். எல்எல்பி (பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டாண்மை) மாதிரி ஓர் அமைப்பைப் பதிவு செய்யுங்கள். இந்தியாவில் 2008 சட்டம் அதற்காகவே வந்தது. அது வேண்டாம் என்றால் இருவரும் வாடிக்கையாளரோடு தனித்தனி ஒப்பந்தம் போட்டு, தனித்தனியாகப் பணம் வாங்குங்கள்.